கோடியக்கரைச் சதுப்பில் ஒரு காலை: பறவை பார்க்கப் போகிறவருக்கு முழுமையான வழிகாட்டி

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலையில், விடிந்தும் விடியாத பொழுதில் வண்டியை நிறுத்தியதும் புதியவர்கள் செய்யும் முதல் காரியம், பத்தடி தள்ளி நிற்கும் வெள்ளைக் கொக்கைப் பார்ப்பது. பிறகு அதைப் படம் பிடிப்பார்கள். பிறகு அது உண்ணிக்கொக்கா சின்னக்கொக்கா என்று புத்தகத்தைப் புரட்டுவார்கள். தலை நிமிரும்போது மணி எட்டரை தாண்டியிருக்கும். தொலைவில் வெளிறிய கோடாகத் தெரிந்த பூநாரைக் கூட்டம் கானலில் நெளிந்து, பறவையா நீரா என்று பிரித்தறிய முடியாமல் போயிருக்கும். கொக்கோ மாலை வரை அங்கேயேதான் நிற்கப் போகிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த வரிசைக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சதுப்பில் தொலைவில் இருப்பதை முதலில் பார்க்க வேண்டும். அருகில் இருப்பதைக் கடைசியில். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதற்காகத்தான்.

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002இல் சேர்க்கப்பட்ட இந்த ஈரநிலம் 38,500 ஹெக்டேர், அதாவது 385 சதுர கிலோமீட்டர். ஒரு காலையில் இதில் ஒரு மூலையைத்தான் பார்க்க முடியும். பறவைகள் நிறைந்த காடும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் காட்டுப் பறவைகளுக்கும் விடியற்காலைதான் நேரம். இரண்டையும் ஒரே காலையில் பிடிக்க நினைத்தவர்கள் இரண்டையும் விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். காட்டுக்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள்.

1. மாதத்தைப் பாருங்கள், அதைவிட நீர்மட்டத்தைப் பாருங்கள்

வலசைப் பறவைகள் மழைக்கு முன்பே வரத் தொடங்கிவிடும். ஆனாலும் முதல்முறை வருகிறவருக்கு நான் சொல்லும் மாதம் ஜனவரி. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கனமழை பெய்து முடிந்த வாரத்தில் சதுப்பு முழுவதும் ஒரே ஏரியாகக் கிடக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். சிறு பறவைகள் ஒன்றுகூட இருக்காது.

காரணம் கால்கள். சேற்றில் மேயும் சிறு பறவையான கொசு உள்ளானுடைய கால் நம் சுண்டுவிரலின் பாதி நீளம்கூடத் தேறாது. நீர் அதற்கு மேல் ஏறிவிட்டால் அதற்கு அங்கே சாப்பாடு இல்லை. வேறு சேறு தேடிப் போய்விடும். நெடுங்கால் உள்ளான் இன்னும் சற்று ஆழத்தில் இறங்கும். பூநாரை அதற்கும் அப்பால் நின்று மேயும். மழை ஓய்ந்து நீர் வடிய வடிய ஓரத்தில் சேறும், நடுவில் கணுக்கால் நீரும், அதற்கப்பால் முழங்கால் நீருமாக அடுக்கு விழுந்தால்தான் எல்லாக் கால்களுக்கும் இடம் கிடைக்கும். பெரும்பாலும் அது பொங்கலை ஒட்டி அமையும். மாநிலம் முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான் வருகின்றன. அனுபவமுள்ளவர்களோடு சேர்ந்து போக அது நல்ல சந்தர்ப்பம்.

வேறு ஊர்க் கடற்கரை வழிகாட்டிகளைப் படித்துவிட்டு ஓத (கடல்மட்ட ஏற்ற இறக்க) அட்டவணையும் கையுமாக வருகிறவர்கள் உண்டு. பாக் நீரிணையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைத் தொடாது. இங்கே நீரைத் தள்ளுவதில் மழைக்கும் காற்றுக்கும்தான் பங்கு அதிகம். அட்டவணையைப் பார்ப்பதைவிட, கடந்த பத்து நாள் மழை எப்படி என்று வேதாரண்யத்தில் ஒரு டீக்கடையில் கேட்பது பயன் தரும்.

ஏப்ரலுக்குப் பிறகு முதல்முறையாக வராதீர்கள். வலசை வந்தவை பெரும்பாலும் கிளம்பியிருக்கும். அதோடு, வெயில் காலத்தில் நெடுங்கால் உள்ளானும் உப்புக்கொத்தியும் சிறு ஆலாவும் வெறும் தரையில் முட்டையிடும். மண் நிறத்தில் இருக்கும் அந்த முட்டையைக் காலில் மிதித்த பிறகுதான் தெரியும்.

2. முதல் நாள் மாலையில் இடத்தைப் பார்த்து வையுங்கள்

மாலை நான்கு மணிக்கு அந்தச் சாலையில் ஒரு முறை போய் வாருங்கள். பறவை பார்ப்பதற்காக அல்ல, நிற்கும் இடம் பார்ப்பதற்காக. கோடியக்கரையை நோக்கிப் போகும்போது சதுப்பு உங்கள் வலக்கைப் பக்கம், அதாவது மேற்கில் இருக்கும். மாலையில் சூரியன் அந்தப் பக்கம் இறங்குவதால் எதிரே இருப்பதெல்லாம் கரிய நிழலுருவமாகத் தெரியும். "ஒன்றுமே தெரியவில்லையே அண்ணே, நாளைக்கு இங்கேயா வரப் போகிறோம்?" என்று ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் முகம் சுளித்தார். இங்கேதான். காலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் கிழக்கே ஏறும்; இதே கரிய உருவங்கள் அலகின் நிறம் வரை வெளிச்சத்தில் நிற்கும். இந்தச் சதுப்பைக் காலையில் பார்க்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். பறவைகள் மாலையிலும் இருக்கின்றன.

மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியைச் சாலையை விட்டு முழுதாக ஓரம் கட்ட வேண்டும், எதிரே புதர் மறைக்கக் கூடாது, நீரும் சேறும் சந்திக்கும் ஓரம் கண்ணில் பட வேண்டும். சிறு பாலங்கள் நல்ல இடங்கள். நீர் ஓடும் இடத்தில் மீன் நகரும், மீன் நகரும் இடத்தில் பறவை கூடும். இருட்டில் வந்து இடம் தேடினால் ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரம்தான் அந்தக் காலையிலேயே சிறந்தது.

அன்றே முடிக்க வேண்டிய வேலைகள் இன்னும் சில இருக்கின்றன. சரணாலயத்துக்குள்ளோ சதுப்பின் உட்பகுதிக்கோ போவதாக இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற்றுவிடுங்கள். காலை ஐந்தரைக்கு அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். உப்பளத்து வரப்பில் நடக்க வேண்டுமென்றால் அங்கே வேலை பார்க்கிறவர்களிடம் கேளுங்கள். சொந்த வண்டி இல்லாதவர்கள் ஆட்டோவை மாலையே பேசி, ஓட்டுநரிடம் "அங்கேயே நான்கு மணி நேரம் நிற்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஏழு மணிக்கு ஹாரன் அடிக்கத் தொடங்குவார். அவர் மீது தவறில்லை.

3. பைனாகுலரை வீட்டிலேயே சரிசெய்யுங்கள்

புதியவர்களில் பாதிப் பேர் மங்கலாகத் தெரியும் பைனாகுலரை வைத்துக்கொண்டு கண்ணைக் குறை சொல்கிறார்கள். வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார்கள். கருவி ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஏற்பத் திருத்தப்பட வேண்டியது. இந்த வரிசையில் செய்யுங்கள்:

முதலில் நடு மூட்டை மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகச் சேரும்படி வையுங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண் வளையங்களை உள்ளே திருகி இறக்குங்கள். அணியாதவர்கள் வெளியே இழுத்துவிடுங்கள். இதை மாற்றிச் செய்தால் ஓரமெல்லாம் கறுத்துத் தெரியும்.

பிறகு முப்பது நாற்பது அடி தள்ளி எழுத்துள்ள ஒரு பலகையைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்க முன்கண்ணாடியைக் கையால் மூடி, நடுச் சக்கரத்தைத் திருகி, இடக் கண்ணுக்கு எழுத்தைத் தெளிவாக்குங்கள். இப்போது இடப்பக்கத்தை மூடுங்கள். நடுச் சக்கரத்தைத் தொடாதீர்கள். பெரும்பாலான கருவிகளில் வலக் கண் வளையத்துக்குக் கீழே தனியாக ஒரு சிறு வளையம் இருக்கும். அதைத் திருகி வலக் கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இரு கண்களுக்கும் உள்ள வித்தியாசம் அதில் பதிந்துவிட்டது. அந்த வளையம் எந்தக் குறியில் நிற்கிறது என்று எழுதி வையுங்கள், யாராவது வாங்கிப் பார்த்துவிட்டுத் திருகிவிடுவார்கள். களத்தில் இனி நடுச் சக்கரம் மட்டுமே உங்கள் வேலை.

மூன்றாவது பயிற்சி. பறவையைக் கண்ணால் பிடியுங்கள். அந்தப் பார்வையை எடுக்காமல், தலையை அசைக்காமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். எல்லோரும் செய்வது, குனிந்து கருவியைப் பார்த்துக் கண்ணில் வைத்துவிட்டு வானத்தில் துழாவுவது. வாசலில் மின்கம்பியில் உட்காரும் காக்கையைக் கொண்டு ஒரு வாரம் பழகினால் கை தானாகப் போகும்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடியும் உள்ளதை வாங்குங்கள். பத்து மடங்கு கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் இங்கே ஜனவரிக் காற்றில் கை நடுக்கமும் பத்து மடங்காகும். முக்காலியோடு ஸ்கோப் (ஒற்றைக் குழல் தொலைநோக்கி) வைத்திருக்கிறவர் யாராவது உடன் வந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றாலும் இந்த வழிகாட்டியில் சொல்வதில் முக்கால்வாசியைச் செய்ய முடியும்.

4. பையில் என்ன

சிறு நோட்டும் பென்சிலும். பேனா வேண்டாம், உப்புக்காற்றில் ஈரமான தாளில் எழுதாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சாலையில் கடையோ நிழலோ இல்லை. தொப்பி, முழுக்கைச் சட்டை, மங்கிய நிறம். வெள்ளைச் சட்டை வேண்டவே வேண்டாம், வெட்டவெளியில் கொடி பிடித்தது போலத் தெரியும். பின்புறம் வார் உள்ள செருப்பு. லென்ஸ் துடைக்க மெல்லிய துணி; ஆனால் துடைக்கும் முன் ஊதிவிடுங்கள், உப்புத் துகளோடு தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

பறவைப் புத்தகம் வண்டியிலேயே இருக்கட்டும். ஏன் என்று எட்டாம் பகுதியில் சொல்கிறேன்.

5. சூரியனுக்கு முன்னால் போய் உட்காருங்கள்

ஜனவரியில் இங்கே சூரிய உதயம் ஏறத்தாழ ஆறரைக்கு. ஐந்தே முக்காலுக்கு நீங்கள் முதல் இடத்தில் இருக்க வேண்டும். வரும்போது மெதுவாக வாருங்கள். வெளிமானும் குதிரையும் மாடும் சாலையைக் கடக்கும். வந்ததும் விளக்கை அணைத்து, கதவை அடிக்காமல் சாத்தி, வண்டிக்குப் பக்கத்திலேயே அமருங்கள். வண்டியைப் பறவைகள் கண்டுகொள்வதில்லை. அதைவிட்டு விலகி நடக்கும் இரண்டு கால் உருவத்தைத்தான் கண்டுகொள்கின்றன.

இந்த முக்கால் மணி நேரம் கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்குத்தான். ஆள்காட்டி எங்கிருந்தாவது கத்தும். பவளக்காலி இறங்கும் சுரத்தில் மூன்று முறை விசிலடிக்கும். மற்றப் பறவைகளுக்கு முன்பே மிரண்டு எழுவதும் அதுதான். அந்த விசில் உங்கள் திசையிலேயே கேட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் இன்னும் அடங்கி உட்காரவில்லை என்று பொருள். கோட்டானின் (ஆந்தையல்ல, வளைந்த நீண்ட அலகுள்ள கரைப்பறவை) நீண்ட குரல் தூரத்திலிருந்து வரும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. எந்தத் திசையில் எத்தனை விதக் குரல் என்று மட்டும் குறியுங்கள். வெளிச்சம் வந்ததும் முதலில் அங்கே பார்ப்பீர்கள்.

காற்று எங்கிருந்து வருகிறது என்றும் கவனியுங்கள். நிற்கும் பறவைகள் காற்றை எதிர்நோக்கியே நிற்கும், பின்னாலிருந்து அடித்தால் இறகு கலையும். இந்தப் பருவத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவதால், சாலையில் நிற்கும் நமக்குப் பறவைகளின் முகம்தான் கிடைக்கும். அலகைப் பார்த்தே பாதி அடையாளம் சொல்ல வேண்டிய இடத்தில் இது பெரிய உதவி.

6. தொலைவை முதலில் முடியுங்கள்

வெளிச்சம் வந்ததும் பக்கத்தில் என்ன வந்து நின்றாலும் பார்க்காதீர்கள். இது கடினம். ஒரு முறை கருப்பு வெள்ளை மீன்கொத்தி என் தலைக்கு நேர்மேலே சிறகடித்து நின்று, நீரில் விழுந்து மீனோடு எழுந்தது, பார்த்தேன்தான். ஆனால் பொதுவாக, ஆறரையிலிருந்து எட்டு வரை உங்கள் பைனாகுலர் தொடுவானத்துக்கே சொந்தம். வெயில் ஏறியதும் ஈரமண்ணிலிருந்து சூட்டுக் காற்று எழும்பத் தொடங்கும். அதன் வழியே பார்ப்பது கொதிக்கும் பானைக்கு மேலே பார்ப்பது போலத்தான். விலை உயர்ந்த கருவிக்கும் அதே கதி.

இடக் கோடியிலிருந்து வலக் கோடிக்கு, ஒரு பார்வை வட்டம் முடிந்ததும் அடுத்த வட்டம் என்று, பாதி வட்டம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி நகர்த்துங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஐந்து வினாடி நில்லுங்கள். ஓடும் பார்வைக்குப் பறவையின் அசைவு தட்டுப்படாது.

அவ்வளவு தூரத்தில் நிறத்தை நம்பாதீர்கள். பெரிய பறவைகளைச் சாப்பிடும் விதத்தை வைத்துப் பிரிப்பதே எளிது. பூநாரை கழுத்தை நேர்கீழே தொங்கவிட்டு, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, கால்களால் சேற்றை மிதித்துக்கொண்டே மெல்ல நகரும். கரண்டிவாயன் நாற்று நடும் வரிசை போலக் கூட்டமாக முன்னேறி, அலகை இடமும் வலமுமாக வீசி அரிக்கும். சங்குவளை நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்துக்கொண்டு, மீன் வந்து மோதும் வரை துழாவும். கொக்கு அசையாமல் நின்று குத்தும். இந்த நான்கையும் தெரிந்துகொண்டால் அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் "வெள்ளையாக ஏதோ" என்பவற்றில் பெரும்பகுதி பெயர் பெற்றுவிடும்.

பூநாரையில் இரண்டு வகை உண்டு. பெரும் பூநாரையின் அலகு வெளிறிய இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கருப்பு. சிறு பூநாரையின் அலகு முழுவதுமே கருஞ்சிவப்பாக இருண்டு தெரியும், உடல் குட்டை. சாம்பல் நிறத்தில் அழுக்காகத் தெரிபவை வேறு இனமல்ல. பெரும் பூநாரையின் இளம் பறவைகள். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் அதைப் புதுப் பறவை என்று கூவிவிடுவார்.

கூட்டம் திடீரென்று ஒட்டுமொத்தமாக எழுந்தால், எழுந்த கூட்டத்தைப் பார்க்காதீர்கள். அது கிளம்பிய இடத்துக்கு மேலே பாருங்கள். சிறகை வி வடிவில் உயர்த்தியபடி தாழப் பறந்து வரும் சேற்றுப் பூனைப்பருந்து அங்கே இருக்கும். அதை விட்டுவிட்டு, உள்ளான் கூட்டத்தைப் பார்த்து வியந்து முடித்த பிறகு "எதற்காக எழுந்தன?" என்று கேட்பதுதான் வழக்கம்.

7. பார்த்ததை எண்ணுங்கள்

"நிறைய" என்று எழுதிய நோட்டு அடுத்த ஆண்டு உங்களுக்கே உதவாது. எண்ணுவது பயமுறுத்துவது போல இருந்தாலும் முறை எளிது. கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதியுங்கள். அந்தத் துண்டை அப்படியே எடுத்து எடுத்து வைத்து, கூட்டத்தில் எத்தனை துண்டு என்று பாருங்கள். முப்பத்தேழு துண்டு என்றால் 370. வலப்பக்கத்திலிருந்து மறுபடியும் ஒரு முறை. இரண்டு எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

ஓரத்தில் பறவைகள் கலைந்தும் நடுவில் நெருங்கியும் நிற்கும். அதனால் பத்தின் துண்டை நடுவிலும் ஒரு முறை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாததால் புதியவர்களின் எண் எப்போதும் குறைவாகவே வருகிறது. என் எண்ணும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் படம் எடுத்து வீட்டில் புள்ளி வைத்து எண்ணிக் காட்டியபோது நான் சொன்னதைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது.

இ-பேர்ட் செயலியில் பதிவதானால் தொடங்கிய நேரத்தை அங்கேயே அழுத்துங்கள், இடம் மாறும்போது பட்டியலையும் மாற்றுங்கள். மூன்று இடத்தையும் ஒரே பட்டியலில் கொட்டினால் எந்தப் பறவை எங்கே என்பது தொலைந்துவிடும்.

8. எட்டு மணிக்குப் பிறகு சிறு உள்ளான்கள்

இங்கேதான் பெரும்பாலோர் மனம் உடைந்துபோகிறார்கள். ஐம்பது அறுபது அடி தள்ளி, ஓரச் சேற்றில் இருநூறு பறவைகள். எல்லாமே மேலே சாம்பல், கீழே வெள்ளை. குளிர்காலத்தில் பெரும்பாலானவை இதே உடையில்தான் இருக்கும். ஒருவர் உடனே புத்தகத்தைத் திறப்பார். நூறு படங்கள், எல்லாமே ஒன்றுபோல. தலை குனிந்திருக்கும்போது பறவை பறந்துவிடும். அதனால்தான் புத்தகம் வண்டியில். முதலில் ஒரே பறவையை மூன்று நிமிடம் விடாமல் பார்த்து, பார்த்ததை எழுதிவிட்டுப் பிறகு புத்தகத்துக்குப் போங்கள்.

எதைப் பார்ப்பது? முதலில் நடை. ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு முறை குத்தும், மறுபடி ஓடும்: அது உப்புக்கொத்தி. நிற்காமல் தலையைக் குனிந்தபடியே தையல் இயந்திரத்தின் ஊசிபோலக் குத்திக்கொண்டே போகும்: அது உள்ளான். உப்புக்கொத்தி கண்ணால் வேட்டையாடுகிறது. அதனால் கண் பெரிது, அலகு குட்டை, பார்ப்பதற்காக நிற்கிறது. உள்ளான் அலகு நுனியின் தொடு உணர்வால் தேடுகிறது; அதற்கு நிற்க வேண்டியதில்லை. இந்த ஒரு வித்தியாசமே கூட்டத்தை இரண்டாகப் பிளந்துவிடும்.

அடுத்தது பருமன். தனிப் பறவையின் பருமனைச் சொல்ல வெட்டவெளியில் யாராலும் முடியாது, பக்கத்தில் தெரிந்த பறவை வேண்டும். சிட்டுக்குருவி அளவில் இருப்பது கொசு உள்ளான். மைனாவைவிடச் சற்றுப் பெரிதாக, சிவந்த காலோடு இருப்பது பவளக்காலி. நாட்டுக்கோழி அளவில், கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகோடு இருப்பது கோட்டான். இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றை "பவளக்காலிக்கும் கொசு உள்ளானுக்கும் நடுவே, அலகு நுனி லேசாக வளைந்தது, பறக்கும்போது வாலடி வெள்ளை" என்று எழுதுங்கள். அப்படி எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் வளைமூக்கு உள்ளான் தானாக வந்து நிற்கும்.

தமிழ்ப் பெயரை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். பவளக்காலி என்ற பெயரால் இப்போது சொன்ன பறவையையும் குறிக்கிறார்கள், நெடுங்கால் உள்ளானையும் குறிக்கிறார்கள். இரண்டுக்கும் கால் சிவப்புதான். உள்ளூர்க்காரர் உள்ளான் என்று சொன்னால் அது சேற்றில் ஓடும் எதுவாகவும் இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. கரண்டிமூக்கு உள்ளான் இந்தச் சதுப்பில் பதிவான பறவை. உலகிலேயே சில நூறுகள்தான் மிஞ்சியிருக்கின்றன. அதைக் கண்டுபிடிக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. கொசு உள்ளானின் அலகு நுனியில் ஒரு சிறு சேற்றுருண்டை ஒட்டிக்கொண்டால் தூரத்தில் அது கரண்டியாகத்தான் தெரியும். நான் ஒரு முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் பார்த்தேன். பறவை அலகை நீரில் அலசியது. கரண்டி கரைந்து போயிற்று.

காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால், பெயர் கண்டுபிடிப்பதை நிறுத்திவிட்டு அதை எழுதுங்கள்: என்ன நிறம், பறவையின் வலக் காலா இடக் காலா, கால் மடிப்புக்கு மேலா கீழா, எழுத்து இருந்தால் என்ன எழுத்து. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. அவர்களுக்குத் தெரிவித்தால் அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்று தெரியவரும். எதிரே நம்மைப் பார்த்து நிற்கும் பறவையின் வலக் கால் நமக்கு இடப்பக்கம். இதில் தடுமாறாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

9. இறங்கி நடக்கும் முன்

இன்னும் பத்தடி கிட்டே போனால் நன்றாகத் தெரியும் என்று தோன்றும். அந்தப் பத்தடியில்தான் காலை கெடும். உப்பளத்தில் வேலை செய்பவர் கூடையோடு முப்பதடி தள்ளிப் போனாலும் அசையாத கூட்டம், நாம் வரப்பில் நிமிர்ந்து நடந்தால் எழுந்துவிடும். அவர் தினமும் அதே வழியில் அதே வேகத்தில் போகிறவர். பறவைகளுக்கு அவரைத் தெரியும்.

சேறும் ஏமாற்றும். வெள்ளையாய் உப்புப் பூத்துக் காய்ந்த தரைபோல இருந்த இடத்தில் நான் கால் வைக்கப் போனேன். "தம்பி, அங்கே இறங்காதீர்கள். மேலேதான் பொருக்கு, கீழே குழம்பு" என்று ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் முழங்கால் வரை போய்விட்டேன். செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நடந்தே ஆக வேண்டுமென்றால் பறவையை நோக்கி நேராகப் போகாமல் சாய்வாக, அதைக் கடந்து போகிறவர்போல நடங்கள். மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினால் நில்லுங்கள். மறுபடி மேயத் தொடங்கினால்தான் அடுத்த அடி. எல்லாத் தலைகளும் தூக்கியபடியே இருந்தால் திரும்பிவிடுங்கள்.

பறக்கும் படத்துக்காகக் கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்புகிறவர்களை இங்கே பார்க்கிறேன். சைபீரியாவரை போக வேண்டிய பறவை, ஒவ்வொரு கிராம் கொழுப்பாக இங்கே சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதை ஒரு படத்துக்காகச் செலவழிக்க வைப்பவரோடு நான் இரண்டாம் முறை வண்டியில் ஏறுவதில்லை.

10. கேமராவும் கொக்கும் கடைசியில்

ஒன்பது மணிக்குக் கேமராவை எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் கண் திரையில் போய்விடும். நூறு படம் இருக்கும், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒன்றுக்கும் சொல்ல முடியாது. அடையாளத்துக்கான படம் அழகாக இருக்க வேண்டியதில்லை: பக்கவாட்டில் ஒன்று, பறக்கும்போது சிறகும் வாலடியும் தெரிய ஒன்று, பக்கத்துப் பறவையோடு சேர்த்து ஒன்று. கானலில் தொலைவுப் படம் எடுக்க முயலாதீர்கள்.

ஒன்பதரைக்கு வெயில் உறைக்கத் தொடங்கும். காட்டோர நிழலுக்குப் போய், தண்ணீர் குடித்துவிட்டு, பட்டியலை அங்கேயே முடித்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினால், கேட்ட குரலும் பார்த்த பறவையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். உறுதியில்லாத பறவைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடத் தயங்க வேண்டாம். "உள்ளான் வகை, 40" என்பதும் முறையான பதிவுதான்.

திரும்பும் வழியில் முதல் இடத்தில் மறுபடி நிறுத்துங்கள். கொக்கு அங்கேயே நிற்கும். இப்போது பைனாகுலர்கூட வேண்டாம். அலகு கருப்பு, கால் கருப்பு. நீரிலிருந்து காலைத் தூக்கும்வரை காத்திருங்கள்: பாதம் மட்டும் மஞ்சள். அந்த மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கிளறி, கலங்கி வெளிவரும் மீனைக் குத்தும். சின்னக்கொக்கு.